கடல் முயலும் சுண்டெலியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



இன்றையக் கூட்டத்தின் துண்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தோழர் ஒருவர் வாசற்படியிலேயே நம்மை நிறுத்தி, "கடல் முயலும் சுண்டெலியும் என்று போட்டிருக்கிறதே, பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறீர்களா?" என்று கேட்டார். கதையல்ல. ஆனால், கதையைவிட அதிசயமான சங்கதி என்பது நம் அபிப்பிராயம். பிடித்தால் கேளுங்கள், பிடிக்காவிட்டால் கடைசியில் எழுந்து கேள்வி கேளுங்கள்.

நாம் பேசப் போவது ஞாபகம் என்பதைப் பற்றியேயாகும். நேற்றுக் கேட்ட பேச்சு இன்று நினைவுக்கு வருகின்றதே, அது இரவு முழுவதும் எங்கே தங்கியிருந்தது? பத்து வயதில் கற்ற வாய்ப்பாடு அறுபது வயதில் வருகின்றதே, அது எதன் மேல் எழுதி வைக்கப்பட்டிருந்தது? இந்தக் கேள்விக்கு வெகு காலமாகச் சொல்லி வந்த பதில் என்னவென்றால், ஆத்மாவில் இருக்கின்றது என்பதும், பூர்வ ஜென்ம வாசனை என்பதும், சரஸ்வதி நாக்கில் எழுதினாள் என்பதுமாகும். ஏட்டைத் தேடிப் பார்க்காமலேயே எழுதினவர் பெயரை மாத்திரம் சொல்லிவிட்டால் போதுமா?

நாம் சிறு பிள்ளையாயிருந்த காலத்தில் நம் குடும்பத்தில் ஒரு பாட்டியம்மாள் இருந்தார். ஊரில் யாருக்கு எந்த வருஷம் கலியாணம், எந்த வருஷம் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அந்த அம்மாளைக் கேட்டால்தான் தெரியும். எழுபது வயதுக்கு மேல் அந்த அம்மாளுக்கு மறதி வந்தது. முதலில் உலையில் அரிசி போட்டதை மறந்து இரண்டாந்தரம் போடுவார். பிறகு தெருவில் போனால் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. கடைசியில் தாம் பெற்ற மகனையே பார்த்து, "நீங்க யாரு தம்பி, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆனால், ஒரு மல்லிகைப் பந்தையும் நாரையும் மடியில் போட்டுவிட்டால், விரல் மாத்திரம் பழையபடி தொடுத்துக்கொண்டே போகும். அதில் ஒரு பிசகும் வராது. இதைக் கண்ட பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்துப் போன ஓரகத்தியின் ஆவி பிடித்திருக்கின்றது, பூத்தொடுப்பது அவள்தான் என்று ஒரு பூசாரி சொன்னதைக் கேட்டு, வேப்பிலை அடித்து, பிரம்பாலும் அடித்தார்கள். அந்த அம்மாள் அடி வாங்கினதையும் மறந்து, அடித்தவனுக்கே மறுநாள் மோர் கொடுத்தார். நாம் அதைக் கண்ணால் பார்த்தோம்.

பெற்ற மகனை மறந்தவருக்குப் பூத்தொடுக்க மறக்காதது ஏன்? இந்தக் கேள்வியை வைத்துக் கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் ஒரு நத்தையும் ஒரு எலியும் வரப் போகின்றன.

முதலில் நத்தை. கடல் முயல் என்பது முயலுமல்ல, மீனுமல்ல. கடலில் வாழும் ஓடில்லாத ஒரு பெரிய நத்தை. ஓடு முழுவதும் போய்விடவில்லை. தேய்ந்து, முதுகுத் தோலுக்குள்ளே மெல்லிய தகடாக ஒளிந்து கிடக்கின்றது. தலையில் முயல் காது போல இரண்டு கொம்பு நீட்டிக் கொண்டிருப்பதால் இந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவை ஒட்டிய கடலில் கிடைக்கும் ஜாதி ஒன்று ஒரு அடிக்கு மேலும் வளரும். கடற்பாசியை மேய்ந்துவிட்டு, யாராவது தொந்தரவு செய்தால் கருஞ்சிவப்பு மையைக் கக்கிவிட்டு, சுமார் ஒரு வருஷ காலம் வாழ்ந்து செத்துப் போகின்றது. ஒரே பிராணி ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். சாஸ்திரம், புராணம் ஒன்றும் அதற்குத் தேவையில்லை.

இந்த அற்பப் பிராணியையும் மனிதன் சும்மா விடவில்லை. பழைய ரோமாபுரிக்காரர்கள் இதைக் கொடிய விஷமென்று நம்பினார்கள். கர்ப்பிணி இதைக் கண்ணால் பார்த்தாலே கரு கலைந்து விடும் என்று பிளினி என்னும் பெரிய படிப்பாளியே எழுதி வைத்திருக்கிறார். படித்தவன் எழுதினால் மூடநம்பிக்கை மூடநம்பிக்கை இல்லாமல் போய்விடுமா? கி.பி. 158-ஆம் ஆண்டு வாக்கில், இன்று லிபியா என்கின்ற நாட்டிலுள்ள சப்ரதா நகரத்தில் ஒரு வழக்கு நடந்தது. அப்புலேயுஸ் என்னும் எழுத்தாளர், தம்மைவிட மூத்தவளான ஒரு பணக்கார விதவையை மணந்து கொண்டார். விதவை மறுமணம் செய்து கொண்டால் சொத்து கைமாறிப் போகுமே! முதல் புருஷனின் உறவினர்கள், இவன் சூனியம் வைத்துத்தான் அவளை மயக்கினான் என்று வழக்குப் போட்டார்கள். அதற்கு ருசு என்னவென்றால், கடல் முயல் முதலிய பிராணிகளைத் தேடி வாங்கினான் என்பதாகும். அவர் மன்றத்தில் நின்று, பிராணியைத் தேடுவது எப்படிச் சூனியமாகும், அரிஸ்டாட்டில் போன்றவர்கள் பிராணிகளை ஆராய்ந்து எழுதவில்லையா, நாமும் அறுத்துப் பார்த்தோம் என்று வாதாடினார். அவருடைய வாதம் புத்தகமாக இன்றும் இருக்கின்றது. தண்டனை இல்லாமல் தப்பினார் என்றே எண்ணப்படுகின்றது. அறுத்துப் பார்த்ததற்காக அன்று ஒருவர் கூண்டில் ஏறினார். அதே ஜாதிப் பிராணியை அறுத்துப் பார்த்ததற்காக 2000-ஆம் ஆண்டில் ஒருவர் நோபல் பரிசு வாங்கினார்.

அவர் பெயர் எரிக் காண்டெல். 1929-ல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் சிறு பொம்மைக் கடை வைத்திருந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் அந்த நாட்டை விழுங்கியவுடன், கூடப் படித்த பிள்ளைகள் அந்தப் பையனோடு பேசுவதை நிறுத்திக் கொண்டார்கள். நேற்று வரையில் ஒன்றாக விளையாடினவனை இன்று தொடாதே, பேசாதே என்று ஆக்கிவிட ஒரே இரவு போதுமாயிருந்தது. இதன் அர்த்தம் இந்தக் கூட்டத்திலிருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு நவம்பரில், ஒன்பதாவது பிறந்த நாளுக்கு வாங்கிய ஒரு நீல நிற விளையாட்டு மோட்டார் காரோடு அவன் விளையாடிக் கொண்டிருந்தபோது போலீசார் கதவைத் தட்டி, வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டிலிருந்த விலை மதிப்புள்ள சாமான்கள் போயிருந்தன. அந்தக் காரும் போயிருந்தது. 1939-ல் அண்ணனும் தம்பியுமாகக் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். பெற்றோர் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கதவு தட்டின சத்தம் தம் மனத்தை விட்டு அகலாததே பிற்காலத்தில் ஞாபகத்தைப் பற்றி ஆராயத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

வைத்தியம் படித்துவிட்டு, முதலில் பூனையின் மூளையில் ஞாபகத்தைத் தேடினார். பூனை மூளையோ பெருங்காடு. ஆகவே, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய கேள்விக்குப் பதில் வேண்டுமானால் சின்னப் பிராணியைக் கேட்க வேண்டும் என்பதே அது. மூத்த சாஸ்திரிகள் பலர், நத்தையில் என்ன ஞாபகம் இருக்கப் போகிறது, பிழைப்பைக் கெடுத்துக் கொள்ளாதே என்று புத்தி சொன்னார்களாம். (இங்கே சாஸ்திரி என்பது விஞ்ஞானிகளைச் சொன்னது, ஆனால், புத்தி சொல்வதில் எல்லாச் சாஸ்திரிகளும் ஒன்றுதான்.) அவர் கேட்கவில்லை. 1962-ல் பாரிஸுக்குப் போய்க் கடல் முயலின் நரம்புகளைப் படிக்க ஆரம்பித்தார்.

ஏன் அந்தப் பிராணி? நம்முடைய மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. சுண்டெலியின் மூளையில் சுமார் 7 கோடி. கடல் முயலுக்கோ உடம்பு முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 20,000 தான். அதுவுமன்றி, அதன் நரம்பணுக்களில் சில, வெறுங் கண்ணுக்கே தெரியும். ஒரு மில்லிமீட்டர் அகலம் வரையில் இருக்கும். அவற்றிற்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து, எந்தக் கடல் முயலை எடுத்தாலும் அதே இடத்தில் அதே அணுவைக் கண்டுபிடித்து, எதற்கும் எதற்கும் தொடுப்பு இருக்கின்றது என்று படம் எழுதிவிடலாம்.

சோதனை என்னவென்று கேளுங்கள். இந்தப் பிராணியின் முதுகில் மூச்சு விடும் செவுளும், அதன் பக்கத்தில் நீரை வெளியே விடும் ஒரு சிறு குழாயும் உண்டு. குழாயை மெல்லத் தொட்டால், தொட்டாற்சிணுங்கியைப் போலச் செவுளை வெடுக்கென்று உள்ளே இழுத்துக் கொள்ளும். ஒரு பத்துத் தடவை தொட்டுக் கொண்டே இருந்தால், இதனால் ஆபத்தில்லை என்று கண்டுகொண்டு, இழுப்பதைக் குறைத்துக் கொள்ளும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடி போனவன் முதல் நாள் தூங்க மாட்டான், ஒரு மாதம் போனால் ரயில் போனதே தெரியாமல் தூங்குகிறான் அல்லவா? அதைப் போன்றதுதான். இதற்கு மாறாக, வாலில் ஒரு மின்சார அதிர்ச்சி கொடுத்துவிட்டு, பிறகு குழாயை இலேசாகத் தொட்டாலும், பலமாக இழுத்துக் கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோமே, அந்தப் பேய் இங்கே நத்தைக்கும் வந்துவிடுகின்றது. ஒரு அதிர்ச்சி கொடுத்தால் அந்தப் பயம் சில நிமிஷம் நிற்கும். இடைவெளி விட்டு நாலைந்து அதிர்ச்சி கொடுத்தால் பல நாள் நிற்கும். ஆகவே, நத்தைக்கும் குறுகிய ஞாபகம் ஒன்று, நீண்ட ஞாபகம் ஒன்று என்று இரண்டு உண்டு.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரே மூச்சில் 40 தடவை தொட்டுப் பழக்கினால் அந்தப் பழக்கம் ஒரு நாள்தான் நிற்கின்றது. அதே 40 தடவையை நாளைக்குப் பத்தாக நாலு நாளில் பிரித்துக் கொடுத்தால் வாரக்கணக்கில் நிற்கின்றது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு விளக்கை வைத்துக்கொண்டு விழித்திருப்பவர்கள், இருபதாயிரம் நரம்பணு உள்ள பிராணியே அந்த வழியில் கற்றுக் கொள்வதில்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, ஞாபகம் ஏற்பட்டதே, உள்ளே என்ன மாறிற்று? இதுவே முக்கியமான இடம். குழாயின் தொடுவுணர்ச்சியைக் கொண்டு போக 24 நரம்பணுக்கள். செவுளை இழுக்க 6 நரம்பணுக்கள். இவை ஒன்றையொன்று ஒட்டிக் கொண்டிருப்பதில்லை. நடுவே மிக நுண்ணிய சந்து ஒன்று உண்டு. ஒரு அணு அந்தச் சந்தில் ஒரு ரசத்தைத் துப்பும். அடுத்த அணு அதை வாங்கிக் கொண்டு கிளம்பும். பழக்கத்தால் அலட்சியம் ஏற்படும்போது துப்புகிற ரசம் குறைகின்றது. வாலில் அடி விழும்போதோ, செரட்டோனின் என்னும் ஒரு பொருள் ஊறி, அது அணுவுக்குள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதனைக் கிளப்பிவிட, ரசம் அதிகமாகத் துப்பப்படுகின்றது. இது சில நிமிஷத்துக்கான ஞாபகம். அடி திரும்பத் திரும்ப விழுந்தால், அந்தத் தூதனுடைய கட்டளை அணுவின் நடு அறை வரையில் போகின்றது. அங்கே கிரெப் என்னும் ஒரு புரதம் தட்டி எழுப்பப்படுகின்றது. அது மூடிக் கிடக்கும் மரபணுக்களைத் திறக்கின்றது. புதிய புரதங்கள் உண்டாகின்றன. அவற்றைக் கொண்டு அணு புதிய கிளைகளை விடுகின்றது. ஆம், தோழர்களே, செடி தளிர் விடுகிற மாதிரி. பயிற்சி பெறாத கடல் முயலின் ஒரு உணர்ச்சி அணுவுக்குச் சுமார் 1,300 நுனிகள் இருந்தால், நீண்ட ஞாபகம் ஏற்பட்ட பிறகு அது சுமார் 2,700 ஆகின்றது. எண்ணிப் பார்த்துச் சொன்னது இது. ஞாபகம் மங்கும்போது நுனிகளும் பெரும்பாலும் உதிர்ந்து விடுகின்றன.

ஞாபகம் என்பது காற்றில் மிதக்கும் வஸ்து அல்ல, பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணக்கூடிய உடற்பொருள் என்பதாக இங்கே ஏற்படுகின்றது.

"இதெல்லாம் நத்தைக்குச் சரி, மனிதன் நத்தையா?" என்று ஒரு வைதீக நண்பர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கேட்பதற்கு முன்னமேயே காண்டெல் தம்மைத் தாமே அந்தக் கேள்வி கேட்டுக் கொண்டார். நத்தையின் ஞாபகம் கை பழகுவது, பயம் பழகுவது போன்றது. இந்த இடம், இந்த முகம், நேற்று நடந்தது என்று நினைத்துப் பார்க்கிற ஞாபகம் அதற்கு இல்லை. அந்த ஞாபகத்துக்கு நத்தையிடம் ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே, 1990-ஆம் ஆண்டு வாக்கில், தம் அறுபதாவது வயதில், அவர் சுண்டெலியைப் பிடித்தார்.

சுண்டெலியை நாம் அறிவோம். கோயிலில் வாகனமென்று கும்பிட்டு, வீட்டில் பொறி வைத்துக் கொல்லுகின்ற பிராணி. எடை இருபது, முப்பது கிராம். ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ந்தால் இரண்டு, மூன்று வருஷம் உயிரோடிருக்கும். நத்தைக்கும் எலிக்கும் கடைசியாக ஒரு பொதுப் பாட்டன் இருந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது. ஒன்றுக்கு முதுகெலும்பு இல்லை, மற்றொன்றுக்கு உண்டு. ஒன்று குளிர்ந்த இரத்தம், மற்றொன்று வெந்த இரத்தம். ஒன்று முட்டையைச் சரம் சரமாக இட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும்; மற்றொன்று குட்டிக்குப் பாலூட்டும். எலியின் மூளையில் நமக்கிருப்பதைப் போலவே, கடல் குதிரை உருவத்தில் வளைந்த ஒரு பாகம் உண்டு. ஹிப்போகாம்பஸ் என்று பெயர்.

அந்தப் பாகம் எதற்கு என்பது ஒரு மனிதனுக்கு நேர்ந்த நஷ்டத்தால் தெரிந்தது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய். அதைத் தீர்க்க 1953-ல் மூளையின் இரு பக்கத்திலும் அந்தப் பாகத்தை வெட்டி எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால், அதன் பிறகு 2008-ல் சாகும் வரையில், புதிதாக ஒரு முகத்தையோ ஒரு நிகழ்ச்சியையோ அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் அவரை எத்தனையோ தடவை சந்தித்தும், ஒவ்வொரு தடவையும் புதிய மனுஷியாகவே பார்த்தார். அந்த அம்மாள் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தின் கோட்டை ஒட்டி வரைய வேண்டும். கஷ்டமான வேலை, செய்து பாருங்கள். மூன்று நாளில் அவர் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால், இதை நீங்கள் முன்னே செய்திருக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை, இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்பார்!

இப்பொழுது நம் பாட்டியம்மாளை நினைத்துக் கொள்ளுங்கள். மகனை அறிவது ஒரு ஞாபகம். பூத்தொடுப்பது வேறு ஞாபகம். இரண்டும் மூளையில் வெவ்வேறு இடம். ஒரு வீடு இடிந்தால் மற்ற வீடு நிற்கும். மூப்பில் வரும் மறதி நோயில் முதலில் அடிபடும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. பூசாரி கண்ட ஓரகத்தியின் ஆவி அவ்வளவுதான்.

எலிக்குத் திரும்புவோம். வட்டமான ஒரு மேடை. ஓரத்தைச் சுற்றி 40 துளைகள். மேலே கண்ணைக் கூசும் வெளிச்சம். எலிக்கு வெட்டவெளியும் வெளிச்சமும் ஆகாது. 40 துளைகளில் ஒன்றின் கீழே மாத்திரம் ஒளிந்து கொள்ளப் பெட்டி இருக்கின்றது. முதலில் எலி கண்டபடி ஓடித் துளைதுளையாய் எட்டிப் பார்க்கும். சில நாளில், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகத் துளைகளைச் சோதித்துக் கொண்டு போகும். தவறாத வழிதான், ஆனால் தாமதம். கடைசியில் சுவரில் மாட்டியிருக்கும் அடையாளங்களைப் பார்த்து, இந்தப் படத்துக்கு நேரே நம் பெட்டி என்று கணக்குப் பண்ணி, நேரே அந்தத் துளைக்கே ஓடிவிடும். முதல் இரண்டு வழிக்கும் இடத்தைப் பற்றிய படம் மூளையில் தேவையில்லை. மூன்றாவதற்குத் தேவை. அந்தப் படத்தை எழுதுவது ஹிப்போகாம்பஸ். ஜான் ஓகீஃப் என்பவர் 1971-லேயே, எலி குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு வந்தவுடன் மாத்திரம் துடிக்கும் அணுக்கள் அங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார். 2014-ல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இந்த எலியின் மூளைக்குள் பார்த்தபோது என்ன தெரிந்தது? மரபணுவை மாற்றி வேண்டிய விதத்தில் எலி பிறக்கச் செய்யும் வித்தை அதற்குள் வந்துவிட்டது. 1994-ல், கிரெப் புரதம் குறைவாயுள்ள எலிகளைச் சோதித்தார்கள். ஒரு பெட்டியில் வைத்து அதிர்ச்சி கொடுத்தால், அரை மணி கழித்து அந்தப் பெட்டியில் வைக்கும்போது பயப்படுகின்றது. ஒரு நாள் கழித்து வைத்தால் புதிய இடம் போலத் திரிகின்றது. அதாவது, குறுகிய ஞாபகம் இருக்கின்றது. நீண்ட ஞாபகம் இல்லை. எந்தப் புரதம்? நத்தையில் கண்ட அதே புரதம். எந்தத் தூதன்? அதே சைக்ளிக் ஏ.எம்.பி. காண்டெலின் கூட்டத்தார் தூதனுடைய வேலையை எலியில் தடுத்துப் பார்த்தபோதும் நீண்ட ஞாபகம்தான் கெட்டது. நத்தையில் செரட்டோனின் செய்த வேலையை, எலியின் இட ஞாபகத்தில் டோபமின் செய்கின்றது. இப்படிச் சில வித்தியாசங்கள் உண்டு. ஆனால், அடுப்பு வேறானாலும் நெருப்பு ஒன்றாயிருக்கின்றது. ஐம்பது கோடி ஆண்டு பிரிந்திருந்த இரண்டு பிராணிகள் ஒரே முறையில் கற்றுக் கொள்ளுகின்றன. பழக் கொசுவிலும் இந்த முறையே காணப்பட்டது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. 2018-ல் கலிபோர்னியாவில், அதிர்ச்சி பெற்ற கடல் முயலிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் பொருளை எடுத்து, அதிர்ச்சி பெறாத கடல் முயலுக்கு ஏற்றியதில், அதுவும் பயந்து இழுத்துக் கொண்டது என்று ஒரு ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். அப்படியானால் ஞாபகம் சந்துகளில் இல்லை, அணுவின் நடு அறையிலேயே இருக்கின்றது என்கிறார் அவர். மற்றவர்கள் பலர் ஒப்பவில்லை. சண்டை நடக்கின்றது. இந்தச் சண்டையை நாம் மெச்சுகின்றோம். நோபல் பரிசு வாங்கினவர் சொன்னார், வாயை மூடு என்று அங்கே யாரும் சொல்லுவதில்லை.

இதில் நமக்கு என்ன? "அவனுக்குப் படிப்பு வராது, அது அவன் பிறவி" என்ற பேச்சை இந்த ஊரிலே எத்தனை பேர் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் கூட்டமே தூக்கும். பிறவிக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. எந்த அணு எந்த அணுவோடு தொடுப்பு வைத்துக் கொள்ள வேண்டும் என்பது எல்லாக் கடல் முயலுக்கும் பிறவியிலேயே ஒரே மாதிரி அமைந்திருக்கின்றது. பயிற்சியினால் மாறுவது அந்தத் தொடுப்பின் பலம். ஓடை பிறவி வெட்டினது. அதில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதைப் பழக்கம் தீர்மானிக்கின்றது. தண்ணீரே விடாமல் மடையை அடைத்து வைத்திருந்தவர்கள், நூறு தலைமுறை கழித்து வந்து, பார்த்தீர்களா, இந்த ஓடை வறண்டது என்று சொன்னால், அந்தச் சாட்சியை எந்தக் கோர்ட்டு ஒப்புக் கொள்ளும்? இந்தக் கூட்டத்திலேயே முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர்கள் நாலைந்து பேர் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவர்கள் மண்டைக்குள் புதிய நுனிகள் முளைத்தே அந்த எழுத்து நிற்கின்றது.

கிழடு தட்டின எலிகளையும் அந்த வட்ட மேடையில் விட்டார்கள். ஏறக்குறையப் பாதி எலிகள் இடத்தை நினைவு வைக்கத் தடுமாறின. பாதி எலிகள் வாலிப எலிகளைப் போலவே ஓடின. ஆகையால், மூப்பு என்றால் மறதி வந்தே தீரும் என்பதும் பொய். தடுமாறின எலிகளுக்கு, தூதன் சீக்கிரம் அழிந்து போகாமல் காக்கின்ற ஒரு மருந்தைக் கொடுத்தபோது, அவை முன்னைவிட நன்றாகத் துளையைக் கண்டுபிடித்தன. 1999-ல் இது வெளியாயிற்று. உடனே அந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று நம்மைக் கேட்காதீர்கள். எலிக்குப் பலித்தது மனிதனுக்கு ஞாபக மருந்தாக வரவில்லை. மனிதனுக்கு வரும் மறதி நோய் இந்த எலிகளின் தடுமாற்றத்தைவிட வேறான, கொடிய வியாதி. ஞாபக லேகியம் என்று சந்தையில் விற்கிறவனிடம், எந்த எலிக்குக் கொடுத்துப் பார்த்தாய் என்றாவது கேளுங்கள்.

பிராணிகளை இப்படி வதைக்கலாமா என்று ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வதைதான், இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். தேவைக்கு மேல் ஒரு எலியையும் துன்புறுத்தக் கூடாது என்று பல தேசங்களில் சட்டமும் கமிட்டியும் இருக்கின்றன. அவை போதுமா என்பது வேறு கேள்வி. பூசாரியின் பிரம்படிக்கு எந்தக் கமிட்டி இருந்தது என்பதும் நமக்கு நினைவுக்கு வருகின்றது.

கடைசியாக, அந்தப் பொம்மைக் கடைக்காரர் மகனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறோம். 2000-ல் அவருக்குப் பரிசு வந்தவுடன், ஆஸ்திரிய நாட்டார் எங்கள் ஊர்க்காரருக்கு நோபல் பரிசு என்று பெருமை கொண்டாட ஆரம்பித்தார்கள். இது ஆஸ்திரியாவின் பரிசல்ல, அமெரிக்க யூதனின் பரிசு என்று அவர் சொல்லிவிட்டார். அந்நாட்டுக் குடியரசுத் தலைவரே அவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சரி செய்ய நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பணம் கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை. வியன்னாச் சர்வகலாசாலை இருக்கும் பெரிய வீதிக்கு, யூதர் மீது துவேஷத்தைக் கிளப்பி ஓட்டு வாங்கிய கார்ல் லூகர் என்னும் பழைய மேயரின் பெயர் இருந்தது. முதலில் அந்தப் பெயரை எடுங்கள் என்றார். பன்னிரண்டு வருஷம் பிடித்தது. 2012-ல் அந்தப் பெயர்ப் பலகை கழற்றப்பட்டு, சர்வகலாசாலை வீதி என்று புதிய பலகை மாட்டப்பட்டது.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் இப்போது கேட்கலாம்.